பழைய திங்க்பேடில் எந்த மென்பொருள் வேண்டும், எது வேண்டாம்?

திங்க்பேட் ஐபிஎம் உருவாக்கிய லேப்டாப் வரிசை. 2005-ல் லெனோவோ கைக்கு வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: சார், என் திங்க்பேட் டி400-இல் கீபோர்டுக்கு மேலே உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் ஆவதில்லை. ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்லை. திங்க்வான்டேஜ் என்ற லெனோவோ மென்பொருளைத் திறப்பதற்கான பொத்தான் அது. விற்றவர் விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது மென்பொருள் போயிருக்கும். மெஷினை ஆன் செய்த உடனே அழுத்திப் பாருங்கள், ஒரு மெனு வரும். அதில் எஃப்1 பயாஸுக்கு (மெஷினின் அடிப்படை அமைப்புகளுக்கு), எஃப்12 எந்த டிரைவிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க.

கேள்வி: கம்பெனி மென்பொருள் எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா அண்ணா?

பதில்: பெரும்பாலானவற்றை நீக்கலாம். பவர் மேனேஜரை மட்டும் தொடாதீர்கள். அதில் சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஏறு, 80 வந்ததும் நில் என்று சொல்லிவிடலாம். லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜிலேயே சூட்டில் கிடந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். மேசையில் நாள் முழுக்க அடாப்டரோடு இருக்கும் லேப்டாப்பின் கதி இதுதான். என் பழைய டி61-இல் வரம்பு வைக்காமல் இரண்டு வருடம் ஓட்டினேன். கரண்ட் போன அன்றுதான் தெரிந்தது: அடாப்டர் விளக்கு அணைந்ததும் திரையும் அணைந்தது, பாதி எழுதிய கோப்பும் போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

கேள்வி: லினக்ஸ் போட்டேன். இப்போது 80-க்கு மேல் சார்ஜ் ஏற மறுக்கிறது. பேட்டரி போச்சா?

பதில்: பேட்டரி நன்றாகவே இருக்கலாம். விண்டோஸில் யாரோ வைத்த வரம்பு வன்பொருளின் கட்டுப்பாட்டுச் சில்லிலேயே பதிந்திருக்கும், விண்டோஸை அழித்தாலும் அது அழியாது. டிஎல்பி என்ற இலவசக் கருவியைப் போட்டு வரம்பை மாற்றுங்கள். டி420, எக்ஸ்220 தொடங்கி வந்தவற்றுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 4.17 பதிப்பிலிருந்து நேரடி ஆதரவு உண்டு. அதற்கு முந்தையவற்றுக்கு டிபி எஸ்மாப்பி என்ற தனி மாட்யூல் வேண்டும்.

கேள்வி: என்னுடையது ஐடியாபேட். 60-லேயே நிற்கிறது.

பதில்: ஐடியாபேட் லெனோவோவின் இன்னொரு லேப்டாப் வரிசை, அதுவும் இதே கதைதான். லெனோவோ வான்டேஜ் என்ற கம்பெனி மென்பொருளில், சார்ஜைப் பாதியில் நிறுத்தும் கன்சர்வேஷன் மோட் ஆன் ஆகியிருக்கும். ஊருக்குப் போகும் முந்தின நாள் அணைத்து முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள், திரும்பியதும் மறுபடி போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆக்டிவ் புரொடெக்‌ஷன் சிஸ்டம் என்று ஒன்று இருக்கிறதே, தேவையா?

பதில்: ஹார்ட் டிஸ்க் என்றால் கண்டிப்பாக வேண்டும். 2003-ல் திங்க்பேடில் வந்த அருமையான யோசனை. உள்ளே இருக்கும் அசைவு உணரி லேப்டாப் நழுவுவதை உணர்ந்ததும் டிஸ்கின் சுழலும் தட்டைப் படிக்கும் ஹெட்டை ஒதுக்கி நிறுத்தும். அதன் அமைப்புத் திரையில் ஒரு குட்டி லேப்டாப் படம் இருக்கும். கையில் உள்ளதை மெதுவாகச் சாய்த்தால் படமும் சாயும். உணரி வேலை செய்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பேன். எஸ்எஸ்டி மாற்றிவிட்டீர்களா? நீக்கிவிடுங்கள், அதில் சுழலும் தட்டே கிடையாது.

கேள்வி: பயாஸ் அப்டேட் பாதியிலேயே மறுக்கிறது. பேட்டரி சுத்தமாகப் போனது, அடாப்டரில்தான் ஓடுகிறது.

பதில்: சார்ஜ் உள்ள பேட்டரியும் அடாப்டரும் சேர்ந்து இருந்தால்தான் அது விடும். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே செத்துவிடும் என்பதால் அந்தத் தடை. குறுக்கு வழி தேடாதீர்கள். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மணி நேரத்துக்குப் பேட்டரி கேளுங்கள், அப்புறம் அப்டேட் செய்யுங்கள்.