எழும்பூரில் தொடங்கும் ஊட்டிப் பயணம்

வணக்கம் ஐயா.

என் மகள் சென்னையில் ஓவியம் படிக்கிறாள், முதலாண்டு. அவளோடு இரண்டு நாள் ஊட்டி வரலாம் என்றிருக்கிறேன். படகுச் சவாரி, பூங்கா எல்லாம் சின்ன வயதிலேயே பார்த்தாயிற்று. இந்த முறை அருங்காட்சியகம், பழைய கட்டடங்கள், அந்த மண்ணின் சாப்பாடு என்று போகலாம் என்கிறாள். "ஊட்டியில் என்ன கலை இருக்கு, சாக்லேட்தான் இருக்கு" என்கிறார் நண்பர் ஒருவர். நீங்கள் கோத்தகிரிக்காரர். தொட்டபெட்டா, பைக்காரா, குன்னூர் இவற்றையும் சேர்த்துக்கொள்ள முடியுமா? எந்த வரிசையில் போகலாம்?

அன்புடன்,
ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

முதலில் தொட்டபெட்டாவையும் பைக்காராவையும் குன்னூரையும் எடுத்துவிடுங்கள். அவற்றைச் சேர்த்தால் இரண்டு நாளில் பாதி காருக்குள்ளேயே போய்விடும்.

ஊட்டி மைசூர் சாலையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, 1989-ல் தொடங்கியது. சின்னதுதான், ஒரு மணி நேரம் போதும், அவசியம் பாருங்கள். ஆனால் நீலகிரியின் பழைய கலையில் முக்கியமான ஒன்றைப் பார்க்க நீங்கள் மலையேறவே வேண்டாம். அது உங்கள் ஊரில், எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொல்பொருள் சேகரிப்பில் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் மகளை அங்கே அழைத்துப் போய், நீலகிரி ஈமச்சின்னங்களில் கிடைத்த மண்பாண்டங்கள் எங்கே என்று கேளுங்கள்.

இந்த மலைகளின் உச்சிகளில் கல்லடுக்கி வட்டமாகக் கட்டிய பழைய ஈமச்சின்னங்கள் நிறைய உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் பலரும் அவற்றைத் தோண்டினார்கள். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் சேகரித்தவைதான் எழும்பூருக்கு வந்தவற்றில் முக்கியமானவை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் கொஞ்சம் போயிற்று. வளையம் வளையமாக அடுக்கி உயர்ந்த பானைகள். அவற்றின் மூடிகளின் மேல் கையால் பிடித்து வைத்த உருவங்கள்: எருமை, குதிரை, சிறுத்தை, மனிதர். எருமையை மட்டும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பும் காலும் அவசரமாக உருட்டிய களிமண். கொம்புக்கு வரும்போது அந்தக் கை நிதானித்திருக்கிறது. இரண்டு பக்கமும் விரிந்து மேலே வளையும் அந்த வளைவை, எருமையோடு நாள் முழுக்க வாழ்ந்தவர் தவிர வேறு யாரும் அப்படிப் பிடித்திருக்க முடியாது.

இவை இங்கே இல்லையே என்பது எனக்குத் தீராத குறை. பத்துப் பானைகளாவது ஊட்டிக்குத் திரும்பி வரவேண்டும். இந்த மலையில் பிறந்த பிள்ளைகள் அவற்றைப் பார்க்க ஏன் முந்நூறு மைலுக்கு மேல் போகவேண்டும்?

சரி, மலைக்கு வருவோம். இங்கே மிஞ்சியிருக்கும் கலை பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை, புழக்கத்தில் இருக்கிறது. எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரின் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்புமாக நூல். துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை, சட்டத்தில் மாட்டுவதுமில்லை. இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள். தைக்கும்போது பின்பக்கம் நூல் சிறு சிறு கண்ணிகளாகத் துருத்தி நிற்கும். அந்த மேடு பள்ளமான பக்கம்தான் போர்த்தும்போது வெளியே தெரிய வேண்டிய பக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் தறியில் நெய்தது போலத்தான் இருக்கும். உங்கள் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும், விரலால் தடவிப் பார்க்கட்டும். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இயந்திரத்தில் செய்த சாயல்கள் கடைகளில் தொங்குகின்றன. கண்ணிகள் கைக்குத் தட்டுப்படாவிட்டால் வாங்காதீர்கள். முடிந்தால் தைத்த பெண்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் உட்காரவேண்டும்.

மந்து என்கிற தோடர் குடியிருப்புகளுக்குப் போவதாக இருந்தால் ஒன்று கவனம். அது அவர்கள் குடியிருக்கும் இடம், காட்சிசாலை இல்லை. அங்குள்ள கோயிலுக்குள் வெளியார் போகக்கூடாது. கேட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பிரம்பும் மூங்கிலும் புல்லும் கொண்டு வளைத்த அந்தக் கூரையைப் படம் எடுப்பதைவிட உட்கார்ந்து வரைவது நல்லது.

எருமைக் கொம்பு தோடர் பூவேலையிலும் வரும். அதனால் அந்தப் பானைகளைச் செய்தவர்கள் தோடரின் முன்னோர்தான் என்று யாராவது வழியில் உறுதியாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அறிஞர்களிடையே அது இன்னும் தீராத விஷயம்.

ஊட்டியிலிருந்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டரில் முத்தோரை பாலாடா. அங்கே பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகளின் பொருள்களையும் ஓரிடத்தில் பார்க்கலாம். கோத்தர்களிடம் கொல்லு வேலையும் தச்சும் ஆண்கள் கையில், பானை வனைவது பெண்கள் கையில். எழும்பூரை முதலில் பார்த்துவிட்டு வந்தால் இந்தப் பானைகளின் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பீர்கள். அரசு அலுவலகம்தான், வேலை நாளில் போங்கள்.

குறும்பர் ஓவியம் பற்றி மகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் அந்த மரபு இருக்கிறது. மண்ணிலிருந்து சிவப்பும் வெள்ளையும், இலையிலிருந்து பச்சை, வேங்கை மரத்துப் பிசினில் ஒரு பழுப்பு. தேன் எடுப்பதும் கூடி ஆடுவதும்தான் அதிகம் வரும். கரிக்கியூர்ப் பாறை ஓவியங்கள் வனத்துறை அனுமதி வாங்கி, காட்டுக்குள் நடந்து பார்க்கவேண்டியவை. இரண்டு நாளில் ஆகாது, அடுத்த முறைக்கு வையுங்கள்.

கட்டடங்களில் இரண்டு போதும். ஒன்று, 1830-ல் அர்ச்சிக்கப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயம். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். அந்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவனின் மனைவியும் மகளும் பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். இன்னொன்று, கோத்தகிரி கன்னேரிமுக்கில் 1819-ல் சல்லிவன் கட்டிய வீடு. இடிந்து கிடந்ததை எடுத்துக் கட்டி ஆவணக் காப்பகமாக்கியிருக்கிறார்கள். பழைய நிழற்படங்களுக்காகவே போகலாம். சேரிங் கிராஸ் நீரூற்று போகிற வழியிலேயே வரும்.

சாப்பாட்டில் ஓட்டல் மெனுவை நம்பாதீர்கள். கோத்தகிரியில், இந்த மலை மக்களான படுகரின் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தங்குமிடத்தில் முதல் நாளே சொல்லி வையுங்கள். ராகி ஹிட்டும் (களி உருண்டை) அவரை உதக்கமும் கேளுங்கள். உதக்கம் என்பது அவரையோடு உருளைக்கிழங்கு போட்டு, படுகர் வீட்டு மசாலாவில் கெட்டியாக வைப்பது. ஹிட்டைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடவேண்டும். மாலையில் தேநீரும், வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும். விறகு அடுப்பில் சுடுகிற பேக்கரியாகத் தேடுங்கள், அடுக்கடுக்காக உதிரும். இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். கீழே கொண்டுபோனால் இந்தக் குளிரில் இருக்கிற மொறுமொறுப்பு நிற்பதில்லை. அப்புறம் ஒரு காலை ஊட்டி மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். தழையோடு கட்டிய கேரட்டும் நூக்கோலும் குவிந்திருக்கும், நிறத்துக்காகவே மகளுக்குப் பிடிக்கும்.

மே மாதம் வேண்டாம். வியாழன் காலை வந்து சேர்ந்து அன்று ஊட்டி, வெள்ளி காலை பாலாடா, மதியத்துக்குக் கோத்தகிரி என்று வைத்துக்கொண்டால் சனிக்கிழமைக் கூட்டம் ஏறும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். காரில் வந்தால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இந்த மாவட்டத்துக்குள் கூடாது, வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.