பால் கட்டினால் முதலில் காம்படியை இளக வையுங்கள்

பிறந்து நான்கு நாள் ஆகிறது, பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது, குழந்தை பிடிக்க மறுக்கிறது, பால் பவுடருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் சகோதரி. குழந்தை மறுக்கவில்லை, குழந்தையால் பிடிக்க முடியவில்லை.

எனக்கும் நான்காம் நாள்தான். பாம்பனில் தாய்வீட்டில் இருந்தேன். பால் ஊறட்டும் என்று அம்மா பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்புமாகப் போட்டார். விடிவதற்குள் அக்குள்வரை இறுகி, ரவிக்கை பட்டாலே உயிர் போயிற்று. காம்பு தட்டையாகிவிட்டதால் மகனின் உதடு வழுக்கிக்கொண்டே போகும். அவன் அழ, நானும் அழுவேன். பார்க்க வந்த உறவுக்கார அத்தை, "இவள் பால் பிள்ளைக்கு ஆகவில்லை" என்றார். இன்றும் அது ஆறவில்லை. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னவரும் அவரே. மல்லிகை பாலை வற்ற வைப்பதற்குக் கட்டுவது! 1988இல் வெளியான மருத்துவ ஆய்வும் அதைத்தான் சொல்கிறது.

மதியம் வந்த கிராம சுகாதாரச் செவிலியர்தான் என்னைக் காப்பாற்றினார். வெந்நீரில் பிழிந்த துண்டை இரண்டு நிமிடம் போட்டார். காம்பைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்தச் சொன்னார். அங்கே தேங்கிய நீர் பின்னால் விலகுமாம். பிறகு கையால் பீய்ச்சினேன். எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சளாக நான்கு சொட்டு விழுந்தது. அப்புறம் நூல் நூலாகப் பீறிட்டது. கறுப்பு வட்டம் இளகியதும் மகனை வைத்தோம். கப்பென்று பிடித்தான். அவன் விழுங்கும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

குடித்து முடித்தபின் குளிர்ந்த துணியைப் போடுங்கள். இளகும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். ஒட்டக் கறந்தால் இன்னும் அதிகமாகச் சுரக்கும். இரவும் பகலுமாக 8 முதல் 12 முறை கொடுங்கள்.

நீ என்ன டாக்டரா என்று சிலர் வருவார்கள். இல்லை. காய்ச்சலோ சிவந்த திட்டோ கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பால்சுறாவையும் நான் குறை சொல்லவில்லை, இன்றும் விரும்பித்தான் சாப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளை 2015இல் திறந்தார்கள். மூன்றாம் மாதம் மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு வெளியூர் போனபோது மறுபடியும் பால் கட்டிக்கொண்டது. தேடிப் போனால் அறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று நான்கு பேரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கழிப்பறைச் சுவரோரம் நின்று முந்தானைக்குள் பீய்ச்சிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.