கார் மோதிக் காயம்பட்டால் இழப்பீடு யார் தருவார்கள்? 'மூன்றாம் நபர் காப்பீடு' என்றால் என்ன?

வண்டி உரிமையாளர் முதல் நபர், காப்பீட்டு நிறுவனம் இரண்டாவது, அடிபட்டவர் மூன்றாமவர். மோதியவர் கையில் காசில்லாவிட்டாலும் அடிபட்டவர் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்றுதான் இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக வைத்திருக்கிறது. தெருவே சேர்ந்து காசு போடும் உண்டியல் மாதிரி. மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது.

மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். விபத்து எங்கே நடந்திருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆஸ்பத்திரி பில் மட்டுமல்ல, வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம், பட்ட வலி, ஊனம் எல்லாம் கணக்கில் வரும். மருந்துக்கடைச் சீட்டு, ஆட்டோவுக்குக் கொடுத்த ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள் (நம் ஆட்கள் முதலில் தொலைப்பது இதைத்தான்).

'என் மேலும் தப்பு இருக்கே, ஒன்றும் கிடைக்காது' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பங்குத் தப்புக்கு உரியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.