8 அடி காரிடார், மூடவும் முடியாது: என்ன தரை போடலாம்?

கேள்வி: 50 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். தரைத்தளத்தில் கேஷுவாலிட்டியிலிருந்து லிஃப்ட் வரை 8 அடி அகலம், 120 அடி நீளத்துக்கு ஒரு காரிடார். விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டுப் பத்து வருஷம் ஆகிறது, ஸ்ட்ரெச்சர் ஓடும் தடத்தில் உடைந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள்கூட மூட முடியாது. சீக்கிரம் போடக்கூடிய, நின்று உழைக்கிற தரை எது?

பதில்: 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஹோமோஜீனியஸ் வினைல் ஷீட் போடுங்கள், ரோலாக வருவது. மேலிருந்து அடிவரை ஒரே சரக்கு என்பதால் கீறல் விழுந்தாலும் உள்ளே வேறு நிறம் எட்டிப் பார்க்காது. கம்பெனி தரும் டேட்டா ஷீட்டில் உபயோக வகுப்பு 34, அதாவது மிகக் கடுமையான நடமாட்டத்துக்கானது, என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிக் செய்து மாட்டும் பலகைகளை ஒரே ராத்திரியில் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். போட்டும் விடுவார். ஆனால் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்றிய டிராலி நாள் முழுக்க ஓடினால் அந்தப் பூட்டு விளிம்பு நொறுங்கிவிடும், கொட்டிய சலைனும் மூத்திரமும் இடுக்கு வழியே இறங்கி, என்ன பினாயில் போட்டாலும் போகாத ஒரு வாடை வரும்.

பிசின் மாதிரி ஊற்றி இறுக விடும் எபாக்ஸி தரை? பார்க்க அழகுதான், ஆனால் வாடை இருக்கிறது, முழு பலம் வர ஏழு நாள் ஆகும், வழவழப்பான வகை என்றால் ஈரத்தில் வழுக்கும். கிரானைட் உழைக்கும், நீங்கள் சொல்லும் அவசரத்துக்கு ஆகாது. ரப்பர் ஷீட்டில் சத்தமே கேட்காது, விலை ஒத்துவந்தால் யோசிக்கலாம்.

சரி, உங்கள் டைல்ஸ் ஏன் உடைகிறது என்று பார்த்தீர்களா? விட்ரிஃபைட் டைல் தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அதனால் வெறும் சிமென்ட் பாலை ஊற்றி ஒட்டினால் சரியாகப் பிடிக்காது. கொஞ்ச நாளில் அடியில் வெற்றிடம் விழும், அதன் மேல் சின்னச் சக்கரம் ஏறினால் உடையத்தான் செய்யும். ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு காரிடார் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள், பொள்ளலாகக் கேட்கும் டைல்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். குறி போட்டதை எல்லாம் பெயர்த்து நிரவினால் போதும், மற்றதை உடைக்க வேண்டாம், அதன் மேலேயே ஷீட் வரும்.

அடுத்தது ஈரம். இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். பல வருஷம் முன்பு ஒரு மருத்துவமனையில், சித்திரை வெயிலில் தரை காய்ந்து கிடக்கிறதே என்று நம்பி ஷீட்டை ஒட்டிவிட்டோம். ஐப்பசி மழை பிடித்ததும் லேப் வாசலில் ஒரு கொப்புளம், கட்டைவிரலால் அழுத்தினால் நகர்கிறது. கத்தியால் கீறிப் பார்த்தால் பசை முழுக்க இளகி, புளித்த தயிர் மாதிரி வெள்ளையாக வழிந்தது. ஈரம் தரைக்கடியிலிருந்து ஏறியிருக்கிறது. உங்களுடையதும் தரைத்தளம் என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். டைலைப் பெயர்த்த இடங்களில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலிதீன் ஷீட்டை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட்டுத் தூக்கிப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் ஈரம் இருக்கிறது. வியர்க்கவில்லை என்பதற்காக முழுசாக நம்பவும் வேண்டாம், காண்ட்ராக்டரிடம் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் கருவியைத் தரையில் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் எபாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் மற்ற வேலை.

இப்போது மூடாமல் எப்படிப் போடுவது என்பதற்கு வருகிறேன். அகலவாக்கில் பாதி பாதியாகப் போடுங்கள். 4 அடியில் ஒரு ஸ்ட்ரெச்சர் தாராளமாகப் போகும், எதிரே இன்னொன்று வந்தால்தான் சிக்கல், அதற்கு ரெண்டு முனையிலும் ஆள் நிறுத்த வேண்டும். மூடிய பாதியில் டைலின் பளபளப்பைத் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, செல்ஃப் லெவலிங் காம்பவுண்ட், அதாவது தானே பரவி மட்டமாகும் கலவை, சுமார் 3 மில்லிமீட்டர் ஊற்றுவார்கள். நாலு மணி நேரத்தில் நடக்கலாம், ஆனால் ஷீட் ஒட்ட ஒரு நாளாவது காயட்டும். டைல் இடுக்குக் கோடுகளை இப்படி மறைக்காமல் ஒட்டினால் ஆறே மாதத்தில் அதே கட்டம் கட்டமான கோடு மேலே தெரியும். ஷீட்டை ஒட்டிய பிறகு கனமான உருளையை உருட்ட வேண்டும், டிராலி ஓட்ட இன்னும் ரெண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். ஆக ஒரு பாதிக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரி என்று யார் சொன்னாலும் இந்தக் காய்கிற நேரத்தைத்தான் திருடுகிறார்.

ரெண்டு பாதியும் முடிந்து 24 மணி நேரம் கழித்து நடு ஜாயின்டை வினைல் கம்பி வைத்துச் சூட்டில் வெல்டிங் செய்வார்கள். அதன் பிறகு அது ஒரே துண்டு மாதிரி, தண்ணீர் இறங்காது. ஜாயின்ட் சரியாக நடுவில் வருவதும் நல்லதற்குத்தான், ஸ்ட்ரெச்சர் நடுவே போகும்போது சக்கரங்கள் அதற்கு ரெண்டு பக்கமும் ஓடும். சுவரோரத்தில் ஷீட்டை 4 அங்குலம் வளைத்து மேலேற்றச் சொல்லுங்கள், மாப் போடுகிறவர்களுக்கு மூலையில் அழுக்கு சேராது.

வினைலுக்கு ஒரு பகை உண்டு, கறுப்பு ரப்பர். கறுப்பு ரப்பர் சக்கரம் உள்ள டிராலி ஒரே இடத்தில் பல நாள் நின்றாலோ, ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி கிடந்தாலோ பழுப்புக் கறை ஏறிவிடும், அது துடைத்தால் போகிற கறை இல்லை, ஷீட்டுக்குள்ளேயே ஊறிய கறை. டிராலி சக்கரங்களைப் படிப்படியாக பாலியூரித்தேனுக்கு மாற்றுங்கள். பெட்டாடைன் சிந்தினாலும் கறை பிடிக்கும், உடனே துடைக்க வேண்டும், அதனால் பாலியூரித்தேன் மேல்பூச்சு உள்ள ஷீட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

ரோல் பெரும்பாலும் 2 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். பாதிப் பாதியாகப் போட்டால் வளைவுக்கும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 1.3 மீட்டர்தான் செலவாகும், 70 சென்டிமீட்டர் பட்டை மிஞ்சும். வீண் செலவு என்று கணக்குப்பிள்ளை கத்துவார். விடுங்கள். அந்தப் பட்டையை மடிக்காமல் சுருட்டி ஸ்டோரில் நிறுத்தி வையுங்கள், அடுத்த வருஷம் ஒட்டுப் போட அதே நிறம் கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.