சித்திரையில் காலிஃபிளவர் வேண்டாம், ஆடியில் கீரை போடுங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடி இடம் சும்மா கிடக்கிறது. சித்திரை மாதம் தக்காளி, கேரட், காலிஃபிளவர் விதை வாங்கிப் போட்டேன். கேரட் முளைக்கவே இல்லை. காலிஃபிளவர் இலையோடு நின்றுவிட்டது. தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. திரும்ப முயற்சி செய்யலாமா? எதில் ஆரம்பிப்பது?
(வாசகி, அருப்புக்கோட்டை)

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. உங்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை, விதைக்கிற பருவம், அதாவது பட்டம்தான் தப்பிவிட்டது. கேரட்டும் காலிஃபிளவரும் குளிர் கேட்கிற பயிர்கள். ஊட்டியிலும் ஓசூர்ப் பக்கமும் விளைவதை அருப்புக்கோட்டைச் சித்திரை வெயிலில் போட்டால் அது என்ன செய்யும்? தக்காளியும் அந்த வெயிலுக்குப் பூவைத் தாங்காது, ராத்திரியிலும் சூடு குறையாவிட்டால் காய் பிடிக்காமல் கொட்டிவிடும். விதைக் கடையில் பாக்கெட் எல்லா மாதமும் தொங்கும், நாம்தான் மாதம் பார்த்து வாங்க வேண்டும்.

ஆடி வருகிறது. அதற்குள் மண்ணைத் தயார் செய்துவிடுங்கள். வீட்டுக் கொல்லைகளில் நான் அடிக்கடி பார்ப்பது, வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, ஜல்லி எல்லாம் மண்ணுக்கடியில் அப்படியே கிடக்கும். ஓரடி ஆழம் கொத்திப் பாருங்கள். இருந்தால் பொறுக்கி வெளியே போடுங்கள், இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் எந்த உரமும் உதவாது. பிறகு மூன்றடி அகலத்தில், பத்தடி நீளத்தில் மூன்று பாத்தி. இடையில் ஒன்றரை அடி நடைபாதை. மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் மிதிக்கக் கூடாது. பாத்திக்கு இரண்டு சட்டி மக்கிய தொழுவுரம் போடுங்கள். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், கரையானையும் வேர்ப்புழுவையும் நாமே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

முதல் பாத்தி முழுக்கக் கீரைதான். சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை மூன்றும் போதும். கீரை விதை கடுகைவிடப் பொடிசு, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு தேக்கரண்டி விதையை நாலைந்து கைப்பிடி மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகக் கிளறிவிடுங்கள். ஆழமாக மூடினால் முளை வெளியே வராது. தண்ணீரைக் குழாயில் பீய்ச்சாமல் பூவாளியில் தெளியுங்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவது பெரிய தொல்லை. பாத்தி ஓரத்தில் ஒரு பிடி நொய்யோ ரவையோ தூவி வையுங்கள், எறும்பு அதை இழுத்துக்கொண்டு போகும், அதற்குள் விதை முளைத்துவிடும். நாலைந்து நாளில் பச்சை தெரியும். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் சிறுகீரையை வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். அரைக்கீரையை மட்டும் பிடுங்காதீர்கள், தரையிலிருந்து இரண்டங்குலம் விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல், பத்து நாளுக்கு ஒரு பகுதியாக விதையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் கீரைக்குள் முங்கிவிட்டு, அப்புறம் ஒரு மாதம் கடையில்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது பாத்தியில் வெண்டையும் கொத்தவரையும். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்துக் காலையில் ஒன்றரை அடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. நாற்பத்தைந்து நாளில் காய்க்கும். ஒன்றுவிட்ட ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும், செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை போட்ட மாதிரித் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்புகிற நோய், அதற்கு மருந்தில்லை. யோசிக்காமல் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். கொத்தவரை வறட்சியும் தாங்கும், உங்கள் ஊருக்குச் சரியான பயிர்.

மூன்றாவதில் நாலைந்து கத்தரி நாற்று, வடக்கு ஓரமாக ஒரு சின்னப் பந்தல், அதில் இரண்டு பீர்க்கன், ஒரு அவரை. பந்தல் வடக்கே இருந்தால் மற்றப் பாத்திகளுக்கு நிழல் அடிக்காது. கத்தரியில் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய இடத்துக்கு இரண்டங்குலம் கீழே ஒடித்து நசுக்கிப் போடுங்கள், காய்க்குள் போகிற புழுவும் அதேதான். பீர்க்கனில் முதலில் பூக்கிற பூவெல்லாம் உதிரும், பயப்படாதீர்கள். அவை ஆண் பூக்கள். பின்னால் வருகிற பெண் பூவின் அடியில் விரல் நுனியளவு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். பெண் பூ வந்தும் பிஞ்சு வெம்பி விழுந்தால் தேனீ வரத்து இல்லை. பீர்க்கன் சாயங்காலம்தான் பூ விரிக்கும், அப்போது ஓர் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

செடியின் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி, மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இது போதும்.

தண்ணீர் விஷயம். லேசான உப்பு என்றால் தொழுவுரமும் மூடாக்கும் சமாளிக்கும். காய்ந்த இலை, வைக்கோல் எது கிடைத்தாலும் செடியடியில் பரப்புங்கள். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரை வீணாக்காமல் ஊற்றுங்கள். ஆர்ஓ இயந்திரத்திலிருந்து கழிகிற தண்ணீரை மட்டும் ஊற்றவேண்டாம், போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் வாழைக்குப் போகட்டும், கீரைக்கு வேண்டாம்.

தக்காளி ஆசையை விட வேண்டியதில்லை. புரட்டாசிக் கடைசியில் நாற்று விட்டு, இருபத்தைந்து நாள் கழித்து மழை ஓய்ந்த ஒரு நாளாகப் பார்த்து நடுங்கள். வெண்டை முடிந்த பாத்தி அப்போது காலியாக இருக்கும். கத்தரி நின்ற இடத்தில் தக்காளி வைக்காதீர்கள், இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதற்கும் தொற்றும். கேரட்டுக்குப் பதில் ஐப்பசியில் வெள்ளை முள்ளங்கி போடுங்கள், நாற்பத்தைந்து நாளில் சாம்பாருக்கு வந்துவிடும்.