ஜம்போவுக்கு எதிர்ச்சொல் உண்டா?

கேள்வி: தி.நகரில் பனியன் வாங்கப் போன கடையில் ‘ஜம்போ சைஸ்’ என்று எழுதியிருந்தது. ஐந்தாவது படிக்கும் என் மகள், “அதுக்கு ஆப்போசிட் என்னம்மா?” என்று கேட்டுவிட்டாள். முழித்தேன்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: முழிக்க வேண்டியதுதான் அம்மா, நேர் எதிர்ச்சொல் கிடையாது. ஜம்போ என்பது ஒரு யானையின் பெயர். 1865இல் லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு வந்த ஆப்பிரிக்க யானை அது. பிள்ளைகளை முதுகில் ஏற்றிச் சுற்றியது. 1882இல் பார்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ்காரர் அதை விலைக்கு வாங்கிப் போய் ஊர் ஊராகத் தம்பட்டம் அடித்ததில், பெயரே ‘பெரிசு’ என்று பொருளாகிவிட்டது. மூன்றே வருஷத்தில், கனடாவில் ரயில் மோதிச் செத்தது, பாவம். பெயர் மட்டும் ‘ஜம்போ ஜெட்’ என்று போயிங் 747 விமானம் வரை பறந்தது.

நாமும் யானையைத்தான் பிடித்தோம். பெரிய காயுள்ள நெருஞ்சிக்கு யானை நெருஞ்சி என்று பெயர். ஆனால் சின்னதை எலி நெருஞ்சி என்றா சொல்கிறோம்? சிறுநெருஞ்சிதான்.

ஜோடியாகக் கிடைப்பது ஜோனதன் ஸ்விஃப்டின் கல்லிவர் கதையில் (1726). ஆறு அங்குல மனிதர்களின் ஊர் லில்லிபுட். ராட்சதர்களின் ஊர் பிராப்டிங்நாக். முதலாவதை வகுப்பில் குள்ளப் பையனுக்குப் பட்டப்பெயராக வைத்தோம். இரண்டாவது வாயில் நுழைந்தால்தானே!

கடைக்காரர்கள் ‘மினி’யை வைத்துச் சமாளிக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் நான் போகும் ஓட்டலில் மினி இட்லி கேட்டால், சாம்பாரில் பதினான்கு மிதக்கும், மேலே நெய். அந்த மினி பிறந்த கதை வேறு. லத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். பழைய ஏடுகளில் எழுத்துக்குச் செந்தூரம் தீட்டும் வேலையிலிருந்து மினியேச்சர் என்ற சொல் வந்தது. ஏட்டுப் படங்கள் சிறிதாக இருந்ததால் ‘சிறிய’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுதான் மினி.

இந்த மினியால் நான் பட்டது தனி. ‘மினஸ்க்யூல்’ என்று ஒரு சொல், மிகச் சிறிய என்று பொருள். எம்ஐஎன்-க்கு அடுத்து ‘யு’ வரவேண்டும். மினி நினைப்பில் ‘ஐ’ போட்டு, பாரிமுனை பக்கம் ஓர் அச்சகத்தில் ஐயாயிரம் நோட்டீஸ் அச்சாகிவிட்டது. புரூஃப் பார்த்தவன் அடியேன்.

சரி, மகளிடம் ‘டைனி’ என்று சொல்லிவையுங்கள். பனியனுக்கென்றால் ‘ஸ்மால்’ போதும்.