பழனிக்கு நடக்கிறவர்களுக்கு: கேளுங்கள், ஆச்சி சொல்கிறேன்

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நடக்கப் போகிறவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஆச்சி, முதல்முறை நடக்கிறேன். காலுக்கு என்ன தயாரிப்பு? (கானாடுகாத்தான்காரர், சென்னையில் வேலை)

தம்பி, குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக 160 கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் நாள் எல்லாருமே வீரர்கள்தான். இரண்டாம் நாள் விடியலில் எழுந்து காலை ஊன்றும்போதுதான் கதை தெரியும். அதனால் ஒரு மாதம் முன்பே பழகுங்கள். நடுவில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல நீண்ட தூரம் நடந்து பாருங்கள்.

தை மாதத்தில் விடியற்காலை குளிரும், முற்பகலிலேயே தார்ச்சாலை சுடும். இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். இருட்டில் சாலையின் வலது ஓரமாக நடங்கள். எதிரே வரும் லாரி கண்ணுக்குத் தெரியும். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். கொப்புளம் வந்தால் தோலைப் பிய்க்காதீர்கள், சுத்தமாகக் கழுவிக் கட்டுப்போட்டு நடங்கள்.

பையில் இரண்டு செட் துணி, துண்டு, மாத்திரை போதும். இரண்டு மலையைத் தூக்கிவந்த இடும்பனே இறக்கி வைத்த பிறகு மறுபடி தூக்க முடியாமல் தவித்தான். நீங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறீர்களாக்கும்!

விரதம் எத்தனை நாள்? (தேவகோட்டை)

வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், அதுதான் சரி.

நகரத்தார் காவடிக்கு அப்படி என்ன தனிப் பெருமை? என் பிள்ளைகள் கேட்கிறார்கள். (சிங்கப்பூர்)

400 வருஷத்துக்கு மேலாக நடக்கிறது என்பது நம்மவர் வழக்கு. செட்டிநாட்டுக் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு, வேலோடு ஒன்றாகப் புறப்படும். பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள் தாயி: காவடிக்காரர்கள் திரும்பி வருவதும் நடந்தேதான். போகும்போது ஊரே வாசலில் நின்று வழியனுப்பும். வரும்போது கூட்டம் இருக்காது, அரோகரா சத்தமும் குறைந்துவிடும். என்னைக் கேட்டால் அந்தப் பாதிதான் கஷ்டம்.

எனக்குப் பெரிய பக்தி எல்லாம் கிடையாது. நண்பர்களோடு சும்மா நடக்க வரலாமா? (காரைக்குடி, கல்லூரி மாணவர்)

தாராளமாக வாருங்கள். மனசில் என்ன இருக்கிறது என்று முருகன் வாசலில் யாரும் சோதிப்பதில்லை.

ஆனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு விருந்து வைப்பது கைவந்த கலை. வளவு (வீட்டு உள்முற்றம்) நிறைய இலை போட்டு, இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துவோம். வாங்கிச் சாப்பிடுவதுதான் நமக்கு வராது. நத்தம் தாண்டி ஏதோ ஒரு கிராமத்தில், முன்பின் தெரியாத ஓர் அம்மா சோறு போட, நீங்கள் தட்டை ஏந்தி வரிசையில் நிற்பீர்கள். நீங்கள் எந்த ஊர், என்ன சாதி, அப்பா என்ன செய்கிறார் என்று அந்த அம்மா கேட்கமாட்டார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் முதல் தடவை வரிசையில் நிற்கும்போது நெளிவதைப் பார்த்திருக்கிறேன். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் அவர்களே அடுத்தவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பார்கள். மலைமேல் இருப்பவரும் கோவணாண்டிதானே! கையேந்தப் பழகிவிட்டு அவர் முன்னால் போய் நின்றால், அந்தக் கோலம் வேறு மாதிரி புரிகிறது. ராஜ அலங்காரத்தைவிட எனக்கு அந்த ஆண்டிக் கோலம்தான் பிடிக்கும்.

போன வருஷம் நடந்தேன். வரும்போது மனசு லேசாக இருந்தது. மாசியிலேயே பழைய கோபம் வந்துவிட்டது. அப்புறம் என்ன பலன்? (பொன்னமராவதி)

கோபம் வரத்தான் செய்யும் தம்பி. வழியில் உங்களுக்கு யார்மேல் எரிச்சல் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மெதுவாக நடந்தவர்மேலா, குறட்டை விட்டவர்மேலா? அங்கே ஏன் அதை விழுங்கினீர்கள்? அதே ஆட்களோடு மறுநாளும் நடக்க வேண்டும், வேறு வழியில்லை. வீட்டிலும் நிலைமை அதேதான், நமக்குத்தான் அது மறந்துபோகிறது. இந்த வருஷம் கூட்டத்தில் மெதுவாக நடக்கிற ஒருவரோடு சேர்ந்து, அவர் வேகத்திலேயே பழனிவரை நடந்து பாருங்கள். விரதத்தைவிட அது கடினம்.

அப்பச்சிக்கு வயது 70, சர்க்கரை இருக்கிறது. நடந்தே தீருவேன் என்கிறார். (பள்ளத்தூர்)

முழுத் தூரம் வேண்டாம். டாக்டரைக் கேட்டுவிட்டு, குன்றக்குடிவரை நடக்கட்டும், மிச்சத்துக்கு வண்டி. சர்க்கரை இருப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காலில் முள் குத்தினாலும் சிலருக்குத் தெரியாது. பழனியில் ஏறக்குறைய 700 படி. யானைப் பாதை சரிவாக இருக்கும், முடிந்தவர்கள் அதில் ஏறலாம். அவருக்கு விஞ்ச் அல்லது ரோப் காரே நல்லது. பூச நாளில் அங்கேயும் நெடிய வரிசை இருக்கும். கையில் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்து, யாராவது கூடவே நில்லுங்கள். அடிவாரத்தில் திருஆவினன்குடி முருகன் கோயிலைக் கும்பிடாமல் மேலே போகமாட்டேன் என்பார், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.